இரண்டு குழாய் எச்சில்

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். என் வீட்டுக்காரர் நம்பரையும். நேற்று ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து உன் வீட்டுக்கே வந்தேன். உன் மகள் சங்கிலியைக் கழற்றாமல், கதவிடுக்கில் நின்றுகொண்டு, "சித்தி, அம்மா உங்களப் பார்க்க மாட்டாங்களாம். ஏதாவது சொல்லணும்னா எழுதி அனுப்பச் சொன்னாங்க" என்றாள். என் மடியில் வளர்ந்தவள் என்னை வாசலில் நிற்க வைத்துப் பேசுகிறாள். சரி, எழுதுகிறேன். பரீட்சைக்கு அப்புறம் நான் எழுதும் முதல் நீளமான கடிதம் இதுதான். தப்பு இருந்தால் உன் சிவப்புப் பேனாவை எடுக்காதே.

நான் என்ன குற்றம் செய்தேன்? டிசம்பரில் நான் வேலை செய்யும் சூப்பர் மார்க்கெட்டில் அந்த டப்பா வந்தது. எச்சிலைத் துப்பி அனுப்பினால் உடம்பில் என்னென்ன நோய் வரக்கூடும் என்று சொல்லிவிடுவார்கள் என்று அட்டையில் போட்டிருந்தது. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். எனக்கு ஒன்று, உனக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஆசையாக வந்தேன். உன் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து துப்பினோம். நாலு தடவை துப்பிவிட்டு "சீ, போதும்" என்று நீ எழுந்துவிட்டாய். கோடு வரைக்கும் வரவில்லை என்று உன்னை மறுபடி உட்கார வைத்தேன், ஞாபகமிருக்கிறதா? உனக்குப் போனில் பதிவு செய்வதெல்லாம் பிடிக்காது என்றுதான் இரண்டு குழாயையும் நானே எடுத்துப்போய் என் போனில் பதிந்து அனுப்பினேன். அதனால்தான் இரண்டு ரிப்போர்ட்டும் எனக்கு வந்தன.

என்னுடையது முழுக்கப் பச்சை. உன்னுடையதில் ஒரு சிவப்புக் கட்டம். மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற மரபணு மாற்றம் உனக்கு இருக்கிறது என்று. பக்கத்தில் அவர்தான் இருந்தார், சொன்னேன். அவர் ஒருவரிடம்தான் சொன்னேன். உன்னிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு டீ போட்டுக் குடித்தேன். அந்த டீ குடிக்கிற நேரத்துக்குள் அவர் சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவார் என்று நான் கனவா கண்டேன்? "எல்லாரும் அவங்களுக்கு நாலு வார்த்தை தைரியம் சொல்லட்டுமேன்னுதான்" என்கிறார். அவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை.

ப்ளாக்கையாவது எடு.

உன் தங்கை


பிப்ரவரி 17

பொடிசுக்கு,

கெட்ட எண்ணம் இல்லை என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறாய். நீ டீ குடித்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று சொல்கிறேன், கேள்.

அச்சகத்தில் குழந்தைகளின் இருமல் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளுக்குப் ப்ரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு புள்ளி தள்ளிப்போனால் அரை ஸ்பூன் ஐந்து ஸ்பூன் ஆகிவிடும். அந்த நேரத்தில் என் போன் மல்லாக்க விழுந்த கரப்பான் பூச்சி மாதிரி மேசையில் சுற்றிச் சுற்றி அதிர்ந்தது. நாற்பத்து மூன்று செய்திகள். எதைப் பற்றி என்று தெரியாமல் நடுவிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். நான் முதலில் படித்தது மாமாவுடையது. பள்ளிக்கூட நாளில் என்னைப் பார்த்ததோடு சரி, அந்த மாமா. "எதுக்கும் ரெண்டையும் எடுத்துடும்மா. இந்த வயசுல அது இருந்து என்ன ஆகப்போகுது." அதற்குக் கீழே ஒன்பது பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள். ஒரு விரல் உன் வீட்டுக்காரருடையது.

எந்த 'ரெண்டை' என்று புரிய எனக்கு இன்னும் பத்துச் செய்தி தேவைப்பட்டது.

அந்தக் குழுவிலிருக்கும் அறுபது பேரும் கூடி என் ரவிக்கையைக் கழற்றி, கை போட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஆறுதலும் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை. நம் சித்தப்பா பையன் வேலை செய்வதும் இந்த அச்சகத்தில்தானே. மறுநாள் மெஷின்காரர் வரைக்கும் தெரிந்துவிட்டது. "உடம்பு எப்படிங்க இருக்கு?" என்று கேட்டார். 'உடம்பு' என்ற சொல்லின்போது அவர் கண் எங்கே போனது என்று பார்த்தேன். அன்று மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், அப்படியே மூடிவிட்டேன்.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டை அச்செடுத்துப் படித்தேன். சிவப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் பல்லைக் காட்டிச் சிரிக்கும் ஒரு குடும்பப் படம். அதற்குக் கீழே வைட்டமின் மாத்திரை விளம்பரம். எல்லாவற்றுக்கும் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரி எழுத்து: இது நோய் அறிதல் ஆகாது, சில மாற்றங்களை மட்டுமே பார்த்திருக்கிறோம், மருத்துவரிடம் உறுதி செய்யாமல் எந்த முடிவும் எடுக்க வேண்டாம். எறும்பு எழுத்தைப் படித்துத்தான் நான் சோறு சாப்பிடுகிறேன். நீ அதைப் படித்தாயா? பச்சையைப் பார்த்ததும் மூடி வைத்திருப்பாய்.

பெரிய மருத்துவமனையில் மரபணுப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். மார்ச் 2 வரச் சொல்லியிருக்கிறார்கள். தனியாகத்தான் போகிறேன். நீ வர வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 24

அக்கா,

உன் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டினேன். "உங்க அக்காவுக்கு எதையும் பெரிசு பண்ணிப் பேசினாத்தான் திருப்தி" என்றார். பிறகு அந்தக் கட்டைவிரலை எடுத்துவிட்டார். இவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. நீ என்னைச் சொல், தாங்கிக்கொள்கிறேன். அவரோடு நான் குடித்தனம் நடத்த வேண்டும்.

உனக்கு மட்டும்தான் கஷ்டமா? கடையில் பில் போடுகிற பெண்களில் இரண்டு பேர் நின்றுவிட்டார்கள், சூப்பர்வைசர் என்ற பெயரில் நானே கல்லாவில் உட்கார்ந்து பார்கோடு தேய்க்கிறேன். இரண்டு மாதமாக வயிறு வேறு உப்பிக்கொண்டே போகிறது. பாவாடை நாடா எட்டவில்லை. இரண்டு வாய் தின்றால் தொண்டை வரை நிற்கிறது. டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார். ரிப்போர்ட் பச்சையாக வந்துவிட்டதே, இது வெறும் வாயுதான் என்று ரத்து செய்துவிட்டேன். வயதாகிறது, வேறென்ன.

மார்ச் 2 நான் லீவு போடுகிறேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே வரவே மாட்டேன். சரி என்று ஒரு வார்த்தை எழுது.

பொடிசு


மார்ச் 6

பொடிசுக்கு,

சரி என்று எழுதாததே பதில்.

போய் வந்தேன். மரபணு ஆலோசகர் என்று போர்டு போட்ட அறை. உள்ளே ஜலதோஷம் பிடித்த ஒரு பெண், உன் வயதிருக்கும். மூக்கைச் சிந்திக்கொண்டே பேசினாள். ஆனாலும் இந்த ஒரு மாதத்தில் என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவள்தான்.

அச்செடுத்த ரிப்போர்ட்டை நீட்டினேன். "இத வச்சு நாங்க எதுவும் பண்ண மாட்டோம்மா. இதுல சிவப்பு வந்தாலும் தப்பா இருக்கலாம், பச்சை வந்தாலும் தப்பா இருக்கலாம். ஒரு புத்தகத்துல நாலு எழுத்த மட்டும் பார்த்துட்டு புத்தகம் சரின்னு சொல்ற மாதிரி. ரத்தம் குடுங்க, முழுசாப் படிச்சுப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள். என் தொழிலை நான் அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பிறகு, அம்மா எதனால் இறந்தாள் என்று கேட்டாள். வயிற்றில் கட்டி என்றேன். என்ன கட்டி, எந்த இடத்தில்? தெரியாது என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. அங்கிருந்து நேராகப் பெரியம்மா வீட்டுக்குப் போனேன்.

பெரியம்மா ஆரஞ்சு உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "அதயெல்லாம் இப்ப எதுக்குக் கிளறுற?" என்றாள். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சொன்னாள்: "சினைப்பைல கேன்சர்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரு. பொண்ணுங்க ரெண்டு இருக்கு, வெளிய தெரிஞ்சா யாரு கட்டுவா? உங்க அப்பாவும் நானும் அந்தக் காகிதத்த அடுப்புல போட்டுட்டோம்." சொல்லிக்கொண்டே விதையைக் கையில் துப்பித் தட்டோரத்தில் வரிசையாக வைத்தாள். அந்தக் கையால் எனக்கும் ஒரு சுளை நீட்டினாள்.

அம்மா அப்போது என்னை விடச் சின்னவள். அவள் உடம்பைப் பற்றிய காகிதம் அவளுக்குக் காட்டப்பட்டதா என்று கேட்டேன். பெரியம்மா, "அவளுக்கு எதுக்கு?" என்றாள்.

ஒரு வீட்டில் ஒருத்தியின் நோயை அடுப்பில் போடுகிறார்கள். இன்னொருத்தியின் நோயை ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். இரண்டும் ஒரே கைதான்.

இரத்தம் கொடுத்திருக்கிறேன். நான்கு வாரம் ஆகுமாம்.

அக்கா


மார்ச் 14

அக்கா,

அம்மா விஷயத்தைப் படித்துவிட்டுக் கடையின் பின்பக்கம் அட்டைப் பெட்டிகள் அடுக்கிய இடத்தில் போய் அழுதேன். அம்மா படுத்திருந்த அறையின் வாடை எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா தன் கட்டிலை வெளியே போட்டுக்கொண்டதும். நாம் அந்த அறைக்குப் போய்விட்டு வந்தால் பெரியம்மா சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்வாள், ஒட்டுவாரொட்டி மாதிரி.

அப்படியென்றால் அது அம்மாவிடமிருந்து உனக்கு வந்திருக்கிறது. எனக்கு வராமல் தப்பித்தது எப்படி என்றே புரியவில்லை. இப்படி எழுதுவது தப்பு என்று தெரியும். ஆனாலும் என் மகளை நினைத்தால் நெஞ்சு லேசாகிறது. பதினேழு வயதுப் பிள்ளை. உன் மகளை நினைத்தால் உடனே கனத்துவிடுகிறது.

ரிசல்ட் வந்ததும் எழுது. வயிறு இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

பொடிசு


ஏப்ரல் 11

பொடிசுக்கு,

ரிசல்ட் வந்துவிட்டது. அந்த மாற்றம் எனக்கு இல்லை. சிவப்புக் கட்டத்தில் எழுதியிருந்த அந்த ஒன்று மட்டும் இல்லை என்பதல்ல. முழு மரபணுவையும் படித்துப் பார்த்துவிட்டார்கள், கோளாறு எதுவும் இல்லை. என் மகளுக்கு என்னிடமிருந்து அது போயிருக்க வழியில்லை.

அப்படியானால் அந்தக் கம்பெனி தப்பாகப் பார்த்திருக்க வேண்டும், அல்லது அந்த எச்சில் என்னுடையதில்லாமல் இருக்க வேண்டும் என்றாள் ஆலோசகர். கம்பெனிக்கு எழுதினேன். "உங்கள் பயணத்தில் துணை நிற்பதில் மகிழ்ச்சி" என்று தானாக ஒரு பதில் வந்தது. அதனால் என் பெயர் போட்ட ரிப்போர்ட்டை முதல் பக்கத்திலிருந்து ப்ரூஃப் பார்ப்பது போலப் படித்தேன்.

பதினான்காம் பக்கம்: பால் ஒத்துக்கொள்ளாது. நான் தினமும் இரண்டு டம்ளர் குடிக்கிறேன். பால் குடித்தால் கொல்லைக்கு ஓடுவது யார்? பதினேழாம் பக்கம்: காதழுக்கு ஈரமாக, பசை போல இருக்கும். என் காதில் வருவது தவிட்டுத் தூள். தலையணை உறையில் உன் காது மஞ்சள் கறை வைத்ததும், இவளோடு ஒரே தலையணையில் படுக்க மாட்டேன் என்று நான் அழுததும் உனக்கு மறந்திருக்காது.

நாள் முழுக்கப் பார்கோடு தேய்க்கிறவள், இரண்டே இரண்டு குழாயை மாற்றிப் பதிந்திருக்கிறாய்.

அந்தச் சிவப்புக் கட்டம் உன்னுடையதாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. இரத்தம் கொடுத்தால்தான் தெரியும். ஸ்கேனை ரத்து செய்ததாக எழுதியிருந்தாய், அதையும் எடு. என் மருத்துவமனைத் தாளின் நகலை இந்தக் கவருக்குள் வைத்திருக்கிறேன். போகும்போது அதைக் காட்டு.

அக்கா


மே 6
மருத்துவமனை, பெண்கள் வார்டு

அக்காவுக்கு,

படுத்துக்கொண்டே எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் இருக்கும்.

உன் கடிதம் ஏப்ரல் 15 வந்தது. முதலில் சிரித்தேன். அக்கா பழி வாங்குகிறாள், எனக்கே காது குத்துகிறாள் என்று நினைத்தேன். பிறகு பதினேழாம் பக்கம் என்று நீ எழுதியதை மறுபடி படித்துவிட்டு, விரலைக் காதில் விட்டுப் பார்த்தேன். மறுநாளே ஸ்கேனுக்குப் போனேன். இரண்டு சினைப்பையிலும் கட்டி. வயிற்றில் தண்ணீர். மூன்று லிட்டர் எடுத்தார்கள், கண்ணாடி ஜாடியில், அழுக்கு மஞ்சளில். நான் பாவாடை நாடாவைத் திட்டிக்கொண்டிருந்தது இதற்குத்தான். 29ஆம் தேதி எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவசரம் என்று கேட்டு வாங்கியதால் இரத்த ரிசல்ட் நேற்றே வந்துவிட்டது. சிவப்பு என்னுடையதுதான். மூன்றாம் நிலை என்கிறார்கள். 21ஆம் தேதி கீமோ ஆரம்பம்.

இப்போது அவரைப் பற்றிக் கேள். "யார்கிட்டயும் மூச்சு விடாத. கர்ப்பப்பை ஆபரேஷன்னு சொல்லிக்கலாம். பொண்ணு இருக்கா" என்கிறார். வார்டு வாசல் வரை வருகிறார், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டுப் போகிறார். வயிற்றில் செருகிய குழாயின் பையைக் காலி செய்வது ஆயாம்மா. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் நீதான் நோயாளி. யாரும் திருத்தவில்லை. போன வாரம் கூட உனக்கு தைரியம் சொல்லி யாரோ பூப்படம் போட்டிருக்கிறார்கள். அதற்கு அவர் நன்றி சொல்லியிருக்கிறார். பார்த்ததும் வாந்தி வந்தது. தையல் பிரியும் என்று நர்ஸ் ஓடி வந்தாள்.

அவரைப் பற்றி எழுதுவது சுலபம். உன்னைப் பற்றி எழுதத்தான் இரண்டு நாளாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

நீ வைத்த நகலில் தேதி மார்ச் 31. உன் கடிதத்தில் தேதி ஏப்ரல் 11. நடுவில் பதினொரு நாள். தபாலில் இன்னும் நாலு நாள். என் வயிறு உப்பியிருப்பது உனக்குத் தெரியும், நான்தானே எழுதினேன். ஒரு போன் போடக் கூடவா முடியவில்லை? பதினைந்து நாளில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்கிறார் டாக்டர். அவர் நோயைச் சொல்கிறார். நான் உன்னைக் கேட்கிறேன்.

பொடிசு


மே 12

பொடிசுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை கிழித்துவிட்டேன். இப்போது அடிக்காமல் திருத்தாமல் எழுதுகிறேன்.

மார்ச் 31 அன்று தாளைக் கையில் கொடுத்த ஆலோசகர், "அந்த இன்னொரு குழாய் யாரோடது?" என்று கேட்டாள். தங்கை என்றேன். "அவங்கள உடனே வரச் சொல்லுங்க. இன்னைக்கே பேசுங்க" என்றாள். 'உடனே' என்ற சொல்லை உனக்கு எழுதிய கடிதத்தில் நான் விட்டுவிட்டேன். கவனக்குறைவால் விடவில்லை. சொல் விடுபட்டால் கண்டுபிடிப்பதுதான் என் வேலை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் என் மகளுக்காக நிம்மதி வந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் சந்தோஷம் வந்தது. உனக்கு இருக்கும் என்பதற்காக. இப்போது அவர்கள் யாரைப் பார்ப்பார்கள், உன் வீட்டுக்காரர் குழுவில் என்ன போடுவார், மாமா உனக்கு எதை எடுக்கச் சொல்வார் என்று ஒவ்வொன்றாக நினைத்து ருசித்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு பங்கு சாப்பிட்டேன். பிப்ரவரிக்குப் பிறகு அன்றுதான் சாப்பாடு இறங்கியது.

உன் பிப்ரவரி கடிதத்தை அன்றே எடுத்துப் படித்தேன். வயிறு உப்பல், இரண்டு வாயில் நிறைவது, எல்லாவற்றையும். பெரியம்மாவிடம் அம்மாவுக்கு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டிருந்தேன், அதேதான். தெரிந்தும் பதினொரு நாள் அந்தத் தாளை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். தினமும் திறந்து பார்ப்பேன். நாளைக்கு எழுதலாம் என்பேன். பிறகு எழுத உட்கார்ந்தபோதும் போனை எடுக்கவில்லை. பத்து எண்ணை அழுத்தினால் போதும். நான் தபால் தலையைத் தேடினேன். அந்த நாலு நாளும் எனக்கு வேண்டியிருந்தது.

உன் வீட்டுக்காரர் மேல் எனக்கு வந்த அருவருப்பு பெரியது என்று நினைத்திருந்தேன். இது வேறு. பல் தேய்க்கும்போது என் வாயை எனக்குப் பிடிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ பதில் சொல்ல வேண்டிவரும். உனக்கு இப்போது அந்த வேலை வேண்டாம்.

20ஆம் தேதி வருகிறேன். அச்சகத்தில் மூன்று மாதம் லீவு சொல்லிவிட்டேன். வாந்திச் சட்டி, குழாய்ப் பை, துணி எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் வீட்டுக்காரர் கைக்குட்டையோடு வாசலிலேயே நிற்கட்டும். நீ என்னோடு பேச வேண்டும் என்றில்லை. வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது.

அக்கா


மே 16

அக்கா,

வேண்டாம் என்று எழுதத்தான் தாளை எடுத்தேன்.

பையை எடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த பிறகு உன்னைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். கீமோவும் குமட்டுமாம். எது எதனால் என்று யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. வா.

ஒன்று இருக்கிறது. மகளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்றுதான் அவர் அவளிடமும் சொல்லி வைத்திருக்கிறார். பதினெட்டு ஆனதும் அவளே வந்து, அவளே முடிவு செய்து இரத்தம் கொடுக்கலாம் என்று ஆலோசகர் சொன்னார். அதற்கு முன்னால் விஷயத்தை அவளிடம் யாராவது சொல்ல வேண்டும். நேற்று மூன்று முறை அவள் அறை வரை போனேன். "என்னம்மா?" என்று கேட்டாள். போர்வை வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

நீ சொல். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பாட்டியிலிருந்து ஆரம்பித்துச் சொல், அடுப்பில் போட்ட காகிதத்தையும் சேர்த்து. வேறு யார் வாயிலிருந்தும் வருவதற்குள் அவள் காதுக்கு முதலில் போகட்டும். உனக்கு வந்த மாதிரி அவளுக்கு வரக் கூடாது.

பொடிசு